‘வெல்-ஃபவுண்டட்’: ஒரு பெயரடையின் வரலாறும் எமது பயமும்

1951ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகள் உடன்படிக்கையின் முதலாவது உறுப்புரையில் ஓர் ஆங்கிலப் பெயரடை இருக்கிறது: ‘வெல்-ஃபவுண்டட்’. இனம், மதம், தேசியம், குறித்ததொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றின் பொருட்டுத் தான் துன்புறுத்தப்படலாம் என்ற ‘வெல்-ஃபவுண்டட்’ பயத்தினால் தனது நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்தப் பயத்தினால் அந்நாட்டின் பாதுகாப்பை நாட இயலாதவரோ விரும்பாதவரோ ஆனவருமே அகதி என்பது அந்த வரைவிலக்கணத்தின் சாரம். புகலிடத்தில் வாழும் எம்மில் மிகப் பலரின் வாழ்வை இந்த ஒரு பெயரடை தீர்மானித்திருக்கிறது. ஆயினும் வழக்குகளைப் பற்றியும், சட்டத்தரணிகளின் கட்டணங்களைப் பற்றியும், ‘அக்செப்ற்’, ‘ரிஜெக்ற்’ பற்றியும் ஓயாது பேசிய நாம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த சொல்லைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

நான் சட்டம் படித்தவனல்ல. இலண்டனில் சில ஆண்டுகள் மாலை வகுப்புகளில் எம்மவர்க்கு ஆங்கிலம் கற்பித்தவன். அதே காலத்தில் சட்டத்தரணிகளின் அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளனாகவும் வேலை செய்தவன். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் எழுந்ததே இக்கட்டுரை. ஒரு பெயரடையைக் கற்கும் மாணவர் அதன் பொருள் என்ன, எந்தப் பெயர்களோடு அது சேரும், அதன் எதிர்ச்சொல் எது என்று கேட்பார். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை இதே கேள்விகளை நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. அப்படிக் கேட்கப்பட்ட வழக்குகளில் மிக முக்கியமான ஒன்று எங்களுடையது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: ‘காரணமுள்ள’ என்ற பொருளில் உடன்படிக்கைக்குள் வந்த இப்பெயரடை, அதிகாரிகளின் கையிலும் எமது சொந்தத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் ‘நிரூபிக்கப்பட்ட’ என்ற பொருளை நோக்கி நகர்ந்தது. முதலாவது நகர்வைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது நகர்வைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நாங்கள்.

சொல்லும் அதன் இலக்கணமும்

இச்சொல் எம்மவர்க்கு முதலில் தரும் சிக்கல் மிக எளிமையானது. ‘ஃபைண்ட்’ என்ற வினையின் இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’ என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தவர்கள் நாம். ஆகவே ‘வெல்-ஃபவுண்டட்’ என்பதை நன்கு கண்டுபிடிக்கப்பட்டது என்று மாணவர்கள் பொருள் கொள்வார்கள். இங்குள்ள ‘ஃபவுண்ட்’ வேறு வினை. இலத்தீனில் ‘அடி’, ‘அடித்தளம்’ எனப் பொருள்படும் ‘ஃபுண்டுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டடத்துக்கு அத்திவாரம் இடுதல், ஒரு நிறுவனத்தைத் தொடக்குதல் என்பன அதன் பொருள். ஆகவே ‘வெல்-ஃபவுண்டட்’ என்றால் நல்ல அத்திவாரத்தின் மேல் நிற்பது.

ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் யாரும் ஒரு வீட்டை ‘வெல்-ஃபவுண்டட்’ வீடு என்று சொல்வதில்லை. மனிதரையும் அப்படிச் சொல்வதில்லை. சந்தேகம், முறைப்பாடு, நம்பிக்கை, விமர்சனம், பயம் போன்ற, கண்ணால் காண முடியாத பொருட்களுக்கே இப்பெயரடை உரியது. அதாவது மனதில் தோன்றும் ஒன்றுக்கு வெளியுலகில் ஒரு பிடிமானம் உண்டு என்று இச்சொல் கூறுகிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சோசர் ஒரு பெண்ணின் பேச்சு அறிவின் மேல் நன்கு நிலைகொண்டிருந்ததாகச் சொல்ல இந்த உருவகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். அங்கும் அத்திவாரமாக இருந்தது நியாயம், சாட்சியம் அல்ல.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயருக்கு முன்னால் வந்தால் இரண்டு சொற்களுக்கும் இடையில் சிறுகோடு இடுவது வழக்கம். வாக்கியத்தின் முடிவில் பயனிலையாக வந்தால் பெரும்பாலும் இடுவதில்லை. இதைவிட முக்கியமானது ‘வெல்’ என்ற முன்பாதி. தமிழில் அதை ‘நன்கு’ என்று பெயர்க்கும்போது சாதாரண அத்திவாரம் போதாது, மிகப் பலமான அத்திவாரம் வேண்டும் என்ற தொனி வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘ஃபவுண்டட் பயம்’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. ‘வெல்’ இல்லாமல் அச்சொல் இவ்விடத்தில் நிற்காது. ஆகவே ‘வெல்’ என்பது இங்கு அளவைக் கூட்டும் சொல்லாக அல்லாமல் சொல்லின் ஓர் உறுப்பாகவே இருக்கிறது.

எதிர்ச்சொற்கள் பல: ‘அன்ஃபவுண்டட்’, ‘இல்-ஃபவுண்டட்’, ‘கிரவுண்ட்லெஸ்’. இவற்றில் முதலாவது பின்னாளில் எமது தலையில் எப்படி விடிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சொல் சட்டத்துக்குள் வந்த கதை

அகதி என்பவரை அவரது பயத்தை வைத்து வரையறுப்பது எக்காலத்திலும் இருந்த வழக்கமல்ல. முதலாம் உலகப் போருக்குப் பின் நான்சன் காலத்து ஏற்பாடுகள் அகதியை அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதைக் கொண்டே அடையாளம் கண்டன. 1926ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, ரஷ்ய வம்சாவளியினராக இருந்து, சோவியத் அரசின் பாதுகாப்பை இழந்து, வேறு குடியுரிமை பெறாதவர் ரஷ்ய அகதி. ஆர்மேனியர்க்கும் அவ்வாறே. அவர் பயந்தாரா, எவ்வளவு பயந்தார் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் பாதுகாப்பை இழந்துவிட்டது என்பதே போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946இல் உருவாக்கப்பட்ட சர்வதேச அகதிகள் நிறுவனத்தின் யாப்பில், தன் நாட்டுக்குத் திரும்ப மறுப்பவர் சொல்லக்கூடிய ஏற்கத்தக்க ஆட்சேபங்களுள் ஒன்றாகத் துன்புறுத்தலும், நியாயமான காரணங்களைக் கொண்ட துன்புறுத்தல் பயமும் குறிப்பிடப்பட்டன. அங்கு ‘வெல்-ஃபவுண்டட்’ என்ற சொல் இல்லை. 1950 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நியூயோர்க்கின் லேக் சக்ஸஸில் கூடிய ஐக்கிய நாடுகளின் தற்காலிகக் குழு வரைந்த வாசகத்திலேயே இப்பெயரடை வந்தமர்ந்தது. அதற்கு அக்குழு தந்த விளக்கம் மிக எளிமையானது: அந்த நபர் ஏற்கனவே துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்க வேண்டும், அல்லது தான் ஏன் பயப்படுகிறார் என்பதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டுவதைத்தான் அவர்கள் கேட்டார்கள். நிரூபிப்பதைக் கேட்கவில்லை.

உடன்படிக்கையின் ஆங்கில வாசகமும் பிரெஞ்சு வாசகமும் சம அதிகாரமுடையவை. பிரெஞ்சில் இப்பெயரடையே கிடையாது. ‘அவெக் ரெஸோன்’, அதாவது ‘காரணத்தோடு’ பயப்படுபவர் என்றே அது சொல்கிறது. இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிரெஞ்சில் ‘நன்கு’ என்பதற்கு இணையான எதுவும் இல்லை. மற்றது, பிரெஞ்சு வாக்கியத்தில் இருப்பவர் பயப்படுகின்ற ஒரு மனிதர். காரணமும் அவரோடேயே இருக்கிறது. ஆங்கிலத்திலோ பயம் என்பது ஒரு பெயர்ச்சொல்லாகி, அதன் முன்னால் ஒரு பெயரடை நிற்கிறது. ஒன்று பெயர்ச்சொல்லானதும் அதை மனிதரிடமிருந்து பிரித்து மேசையில் வைத்து அளந்து பார்க்க முடிகிறது. பிற்கால வழக்குகளில் நடந்தது ஏறத்தாழ இதுதான்.

1979இல் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் வெளியிட்ட கைநூல் சொல்லை இரண்டாகப் பிரித்துப் பொருள் சொன்னது. பயம் என்பது மனநிலை, அகவயமானது. ‘வெல்-ஃபவுண்டட்’ என்பது அந்த மனநிலைக்குப் புறவயமான நிலைமையில் ஆதரவு இருக்க வேண்டும் என்பது. தப்பியோடி வருபவரிடம் பெரும்பாலும் ஆவணங்கள் இராது என்றும், அவரது கூற்று நம்பத்தக்கதாயிருப்பின் சந்தேகத்தின் பயனை அவருக்கே அளிக்க வேண்டும் என்றும் அதே கைநூல் கூறியது. இந்த இரண்டாவது பகுதி எமது வழக்குகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டது என்பதை வாசகர்களே தமது கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வழக்கு

1980களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவின் கதவுகள் எமக்கு எவ்வாறு மூடப்பட்டன என்பது தெரிந்த கதை. 1985இல் இலங்கையர்க்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு, உரிய ஆவணங்கள் இல்லாத பயணிகளைக் கொண்டுவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டப்பணம் விதிக்கும் சட்டம் வந்தது. இந்தச் சூழலில்தான் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஆறு தமிழர்களின் வழக்கு நீதிமன்றம் சென்றது. அவர்களில் ஒருவரின் பெயரே சட்டப் புத்தகங்களில் வழக்கின் பெயராக நிலைத்துவிட்டது. அந்த மனிதரின் பெயரை நான் இங்கு மீண்டும் எழுதவில்லை. ஒரு மனிதரின் பெயர் ஒரு விதியின் பெயராக மாறியதே போதும்.

1987 ஒக்ரோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சேர் ஜோன் டொனால்ட்சன் தலைமையில் வழங்கப்பட்ட தீர்ப்பு, நான் அறிந்தவரையில், ஒரு பெயரடையின் வேலை என்ன என்பதைப் பற்றிய மிக நேர்மையான இலக்கணப் பாடம். பயம் என்பது முழுக்க முழுக்க அகவயமான மனநிலை என்றார் அவர். ‘வெல்-ஃபவுண்டட்’ என்ற பெயரடைத் தொடர் அந்தப் பயத்தை வரையறை செய்யலாம். ஆனால் அதை வேறொன்றாக மாற்ற முடியாது. காரணமற்ற பிரமைகளை அது விலக்கும், அவ்வளவுதான். அவர் தந்த உதாரணம் வங்கிக் காசாளரைப் பற்றியது. முகமூடி அணிந்த ஒருவர் துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்கிறார். காசாளருக்கு வரும் பயம் காரணமுள்ள பயம். ஒரு நிமிடம் கழித்து அது பிளாஸ்ரிக் துப்பாக்கி என்று தெரியவந்தாலும் அந்தப் பயம் காரணமற்றதாகிவிடாது. தமிழர்கள் வென்றார்கள்.

அந்த வெற்றி இரண்டு மாதங்கள்தான் நீடித்தது. உள்துறை அமைச்சர் பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்தார். 1987 டிசம்பர் 16ஆம் திகதி பிரபுக்கள் சபை தீர்ப்பை மாற்றியது. பயப்படுபவரின் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பது போதாது. அவர் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்மையில் இருக்க வேண்டும். அதை அளக்கும்போது விண்ணப்பதாரருக்குத் தெரியாத, அமைச்சருக்குத் தெரிந்த தகவல்களையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஐம்பது வீதத்துக்கு மேற்பட்ட நிகழ்தகவு வேண்டும் என்று பிரபுக்கள் கேட்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த வகையில் இத்தீர்ப்பு பிற்காலத்தில் பலருக்கு உதவியும் இருக்கிறது. ஆனால் பெயரடையின் இடம் மாறிவிட்டது. அதுவரை பயந்தவரின் பக்கத்தில் நின்ற சொல் இப்போது அமைச்சரின் மேசைக்குப் போய்விட்டது. காசாளரின் உதாரணத்தில் சொல்வதானால், துப்பாக்கி உண்மையானதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வங்கிக்கு வெளியே வெகு தூரத்தில் இருந்த ஒருவரிடம் சென்றது.

அந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட நாட்களில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒக்ரோபரில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டுவிட்டது. 1988 பெப்ரவரியில் அவர்களில் ஐந்து பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கு சிலர் பிடிக்கப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். 1989 மார்ச்சில் பிரித்தானியாவிலேயே அவர்களின் மேன்முறையீட்டை விசாரித்த தீர்ப்பாளர், அவர்களின் பயம் ‘வெல்-ஃபவுண்டட்’ என்றும், அவர்கள் திருப்பி அழைக்கப்பட வேண்டும் என்றும் முடிவு செய்தார். அதே ஆண்டு ஒக்ரோபரில் அவர்கள் மீண்டும் பிரித்தானியா வந்தார்கள். துப்பாக்கி பிளாஸ்ரிக் அல்ல என்பது தெரிந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்த்தது அவர்களின் உடம்பில்.

1991 ஒக்ரோபர் 30இல் ஸ்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர்களின் முறைப்பாட்டை நிராகரித்தது. திருப்பி அனுப்பிய வேளையில் தெரிந்திருந்தவற்றை வைத்துப் பார்க்கையில், அவர்களின் நிலை நாடு திரும்பிக்கொண்டிருந்த ஏனைய தமிழ் இளைஞர்களின் பொதுவான நிலையை விட மோசமாக இருந்ததாகக் காட்டப்படவில்லை என்றது. எல்லாருக்கும் உள்ள ஆபத்து எவருக்கும் உரிய ஆபத்தாக எண்ணப்படவில்லை. நான்சன் காலத்தில் ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் நேர்ந்த ஆபத்து அதில் ஒவ்வொருவரையும் அகதியாக்கிற்று. 1991இல் அதே பொதுத்தன்மை அகதியின் வாதத்தைப் பலவீனப்படுத்திற்று. ஒரு பெயரடை பயணித்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஏனைய நாடுகளிலும் இதே சொல் இதே ஆண்டுகளில் அளக்கப்பட்டது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1987 மார்ச்சில் நிக்கராகுவாப் பெண்ணொருவரின் வழக்கில், துன்புறுத்தப்படுவதற்குப் பத்து வீத வாய்ப்பு இருந்தாலும் பயம் ‘வெல்-ஃபவுண்டட்’ ஆகலாம் என்றது. பத்து ஆண்களில் ஒருவர் கொல்லப்படும் அல்லது தொலைவிலுள்ள உழைப்பு முகாமுக்கு அனுப்பப்படும் நாட்டிலிருந்து தப்பியவரைப் பற்றி நோர்வேச் சட்ட அறிஞர் அத்லெ கிரால்-மாட்சன் எழுதியிருந்ததை அது எடுத்தாண்டது. 1989இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ‘மெய்யான வாய்ப்பு’ என்ற சொல்லைத் தந்தது. கனடாவில் 1984இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், இலங்கையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் ஒருவரின் வழக்கில், உடன்படிக்கையில் வரையறுக்கப்படாத ‘துன்புறுத்தல்’ என்ற சொல்லின் பொருளை அறிய ஆங்கில அகராதிகளைத் திறந்து பார்த்தது. மாலை வகுப்பில் எமது மாணவர்கள் செய்வதைத்தான் நீதிபதிகளும் செய்தார்கள்.

தமிழில் நடந்தது

இனி எமது பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பெயரடையைத் தமிழில் எப்படிச் சொன்னோம்? துண்டுப்பிரசுரங்களிலும் வாக்குமூலங்களிலும் நான் கண்ட பெயர்ப்புகள் முக்கியமாக இரண்டு: ‘நன்கு நிறுவப்பட்ட அச்சம்’, ‘ஆதாரமுள்ள பயம்’. இரண்டும் சொல்லுக்குச் சொல் சரியானவை. நிறுவுதல் என்றால் நாட்டுதல், நிலைநிறுத்துதல். ஆதாரம் என்றால் தாங்கி நிற்பது. ஆனால் எமது மொழியில் இவ்விரு சொற்களுக்கும் இன்னொரு வாழ்க்கை உண்டு. கேத்திரகணித வகுப்பில் ‘நிறுவுக’ என்றால் நிரூபித்துக் காட்டு என்று பொருள். ‘உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?’ என்று எவராவது கேட்டால் அவர் கேட்பது அத்திவாரத்தை அல்ல, சான்றை. ஜேர்மன் மொழியில் ‘குருண்ட்’ என்ற சொல் நிலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். ஆகவே அங்கு இப்பெயரடை காரணத்தின் பக்கம் சாய்கிறது. தமிழிலோ அத்திவாரத்தைக் குறிக்கும் சொற்கள் சாட்சியத்தின் பக்கம் சாய்கின்றன. மொழிபெயர்ப்பாளர் எவரும் திட்டமிட்டுச் செய்யாமலேயே, காரணத்தைக் கேட்ட சொல் தமிழில் அத்தாட்சியைக் கேட்கும் சொல்லாயிற்று.

இதன் விளைவு சிறியதல்ல. ‘ஆதாரமுள்ள பயம்’ வேண்டும் என்று கேட்டவர்கள் ஆதாரம் தேடினார்கள். சமாதான நீதவானின் கடிதம், கிராம சேவையாளரின் கடிதம், பங்குத்தந்தையின் கடிதம், பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் என்று ஊரிலிருந்து வந்து சேர்ந்தன. பெரும்பாலும் ஒரே வாசகம், திகதிகள் மட்டும் வேறு. ஒரே மாதிரியான கடிதங்களைக் கண்ட அதிகாரி அவற்றை நம்பவில்லை. அதே வேளையில், பயத்தின் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் எமது ஆட்கள் மௌனமாக இருந்தார்கள். அதற்குக் கடிதம் கிடையாதே. இரவில் வீதியில் வாகனச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பின்வளவால் ஓடிய தாய் அதை வாக்குமூலத்தில் சொல்ல மாட்டார். ‘அதுக்கு என்ன தம்பி ஆதாரம் இருக்கு?’ என்பார். இப்படிச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

இன்னொரு மௌனத்தையும் இங்கு பேச வேண்டும். எம்மில் பலர் இராணுவத்துக்கு மட்டும் பயந்து வந்தவர்கள் அல்லர். இயக்கங்களுக்குப் பயந்து வந்தவர்கள் உண்டு. ஓர் இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் நடுவில் அகப்பட்டு வந்தவர்கள் உண்டு. ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் நீண்ட காலம் அரசினால் வரும் துன்புறுத்தலே, அல்லது அரசு பொறுத்துக்கொண்ட துன்புறுத்தலே, கணக்கில் எடுக்கப்பட்டது. பிரித்தானியாவின் பிரபுக்கள் சபை 2000 டிசம்பரில் அந்த விளக்கம் தவறானது என்றது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரை, அரசல்லாத தரப்புகளையும் துன்புறுத்துவோராக ஏற்றது. ஆனால் சட்டம் ஏற்பதற்கு முன்னரும் பின்னரும் ஒரு தடை எங்களிடமே இருந்தது. மொழிபெயர்ப்பாளனாக மேசையின் மறுபக்கத்தில் நான் அமர்ந்திருந்தபோது, எந்த ஊர், யாருடைய ஆள், யாரிடம் சொல்வான் என்று என்னை அளந்து பார்த்த கண்களை நான் கண்டிருக்கிறேன். அந்த அளவெடுப்புக்குப் பின் வந்த வாக்குமூலத்தில் இராணுவம் மட்டுமே இருக்கும். உண்மையான பயம் மூடிவைக்கப்பட்டு, பொதுவான பயம் ஒன்று இரவல் வாங்கப்பட்டது. மற்றவர் வீட்டுக்கு இட்ட அத்திவாரத்தில் தன் வீட்டைக் கட்டியது போல அது முதல் கேள்வியிலேயே ஆட்டம் கண்டது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. தமிழனுக்கு முன்னால் தமிழன் பயந்து பேசியதே அவர்களின் பயம் ‘வெல்-ஃபவுண்டட்’ என்பதற்குப் போதிய காரணம். ஆனால் அதைக் கோப்பில் எழுத இடமிருக்கவில்லை.

இதைப் பற்றி யோசிக்கும்போது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. அச்சம் எவற்றிலிருந்து பிறக்கும் என்று அது நான்கு நிலைக்களன்களைத் தருகிறது: தெய்வமும் பேயும் போன்ற வருத்தும் சக்திகள், விலங்கு, கள்வர், நான்காவதாகத் தம்மை ஆளும் இறை. அகதி என்ற சட்டக் கருத்து பிறப்பதற்கு மிக நீண்ட காலத்துக்கு முன்னரே, தன்னை ஆள்பவனுக்குப் பயப்படுவது இயல்பான, காரணமுள்ள பயம் என்று தமிழ் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. கள்வரைச் சேர்த்திருப்பதால் அரசல்லாத ஆயுததாரிகளுக்கும் அதில் இடமுண்டு என்று ஒருவர் வாதிடலாம். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. எமது மரபில் அச்சத்தின் நியாயம் அச்சத்தைத் தரும் பொருளிலிருந்து வருகிறது என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். புலி எதிரே வந்தால் பயம் காரணமுள்ளது. பயந்தவன் கடிதம் கொண்டுவர வேண்டியதில்லை.

எதிர்ச்சொல்லின் ஆட்சி

1990களிலிருந்து பெயரடையை விட அதன் எதிர்ச்சொல்லே சட்டத்தில் அதிகம் வேலை செய்தது. 1983இலேயே ஐ.நா. உயர் ஆணையகத்தின் நிறைவேற்றுக் குழு ‘மனிஃபெஸ்ட்லி அன்ஃபவுண்டட்’, அதாவது பார்த்த மாத்திரத்திலேயே காரணமற்றவை எனத் தெரியும் விண்ணப்பங்களைப் பற்றி ஒரு முடிவை எடுத்திருந்தது. 1992இன் இறுதியில் இலண்டனில் கூடிய ஐரோப்பிய சமூக நாடுகளின் அமைச்சர்கள் அத்தகைய விண்ணப்பங்களை விரைந்து நிராகரிப்பதற்கான தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ‘கிளியர்லி அன்ஃபவுண்டட்’ என்று முத்திரையிடப்பட்ட கோரிக்கைகளுக்கு, நாட்டுக்குள் இருந்துகொண்டு மேன்முறையீடு செய்யும் உரிமையை மறுத்தது. ‘வெல்-ஃபவுண்டட்’ என்ற முடிவுக்கு வர நீண்ட விசாரணை வேண்டும். ‘அன்ஃபவுண்டட்’ என்ற முடிவுக்கு ஒரு வினையடை போதும். ‘கிளியர்லி’ என்று எழுதிவிட்டால் ஆழமாகப் பார்க்க வேண்டிய கடமை குறைந்துவிடுகிறது.

2022ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. அவ்வாண்டின் தேசியம் மற்றும் எல்லைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, 2022 ஜூன் 28 முதல் செய்யப்படும் கோரிக்கைகளுக்கு இப்பெயரடையை இரண்டு படிகளாகப் பிரித்தது. விண்ணப்பதாரர் தான் சொல்லும் இயல்பைக் கொண்டவர் என்பதும், அவர் உண்மையில் பயப்படுகிறார் என்பதும் முதலில் ஐம்பது வீதத்துக்கு மேற்பட்ட நிகழ்தகவு என்ற அளவில் காட்டப்பட வேண்டும். அதன் பின்னரே 1987ஆம் ஆண்டின் ‘நியாயமான அளவு வாய்ப்பு’ என்ற பழைய அளவுகோல் வருகிறது. எமது ஆறு பேரின் வழக்கில் வந்த, அன்று எமக்குத் தோல்வியாகத் தெரிந்த அளவுகோல், இன்று அகதிகளின் சட்டத்தரணிகள் மீட்க விரும்பும் ஒன்றாகிவிட்டது. காலம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை இது காட்டும்.

பயத்தையே அளப்பது தவறு என்று ஜேம்ஸ் ஹாத்தவே போன்ற சட்ட அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். உடன்படிக்கையிலுள்ள பயம் என்ற சொல் நடுக்கத்தைக் குறிப்பதன்று, வரவிருக்கும் ஆபத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையே குறிக்கிறது என்பது அவர்களின் நிலைப்பாடு. துணிச்சலானவரும் ஆபத்தில் இருக்கலாம், அவரும் அகதியே என்பது அதன் பலம். எனக்கு இதில் உடன்பாடு உண்டு. ஒரு தயக்கமும் உண்டு. பயத்தை முற்றாக அகற்றிவிட்டால் வரைவிலக்கணத்தில் எஞ்சுவது அரசுகளின் தகவல் அறிக்கைகள் மட்டுமே. நாடு பாதுகாப்பானது என்று ஓர் அறிக்கை சொன்னால், அதற்கு எதிராக நிற்கக்கூடிய முதலாவது சாட்சி பயந்த மனிதர்தான். டொனால்ட்சன் தனது காசாளர் உதாரணத்தில் காப்பாற்ற முயன்றது இந்தச் சாட்சியை.

ஆகவே என் முன்மொழிவு எளிமையானது. ‘நன்கு நிறுவப்பட்ட’ என்பதையும் ‘ஆதாரமுள்ள’ என்பதையும் கைவிட்டு, ‘காரணமுள்ள பயம்’ என்று எழுதுவோம். பிரெஞ்சு வாசகம் அதைத்தான் சொல்கிறது. 1950இல் வரைவுக் குழு சொன்ன விளக்கமும் அதுதான். இது வெறும் அகராதிப் பிரச்சினை என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். எமது முதலாவது தலைமுறை தனது கோப்பை மூடிவிட்டது உண்மைதான். ஆனால் 2009க்குப் பின்னரும் எமது ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். இலங்கையும் இந்தியாவும் இன்றுவரை இந்த உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. எமக்கு அடுத்த கதிரைகளில் இன்று ஆப்கானியரும் எரித்திரியரும் சூடானியரும் அமர்ந்து தத்தம் மொழிகளில் இதே பெயரடைக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் மொழிகளில் அத்திவாரத்துக்கான சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய எனக்கு ஆவல்.

மாலை வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போது மாணவர்களிடம் நான் கேட்டுவந்தது ஒன்றுதான்: ‘நீங்கள் ஏன் பயந்தீர்கள்?’ ‘எப்படி நிரூபிப்பீர்கள்?’ என்று கேட்டால் ஒருவர் தனது பையைத் திறப்பார். ‘ஏன்?’ என்று கேட்டால் வாயைத் திறப்பார். பெயரடை கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான் என்பது எனது வாதம். மாற்றுக் கருத்துடையவர்கள், குறிப்பாக மொழிபெயர்ப்பாளர்களாகப் பணியாற்றிய நண்பர்கள், தாங்கள் கையாண்ட சொற்களையும் அதற்கான காரணங்களையும் எழுத வேண்டும்.